இறுதி மொழிகளும் கேட்ட செவிகளும்

உலகப் பெருமக்கள் உயிர் பிரியும் வேளையில் உரைத்த சொற்களை அறிந்துகொள்ள நாம் பெரிதும் விழைகின்றோம். ஆனால், அச்சொற்களைக் கேட்டவர் யார், எழுதி வைத்தவர் யார் என்று வினவுவோர் சிலரே. இறப்பவர் தம் கடைசிச் சொல்லைத் தாமே எழுதி வைத்தல் அரிது. அருகிருந்தவரின் செவியையும் நினைவையும் நம்பியே அது நம்மை வந்தடைய வேண்டும்.

உரோமாபுரியின் தலைவர் ஜூலியஸ் சீசர் கி.மு. 44-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் ஆட்சி மன்றக் கூட்டத்தில் குத்திக் கொல்லப்பட்டார். தம் அன்புக்குரிய புரூட்டஸும் கொலைஞருள் ஒருவனாக நிற்பதைக் கண்டு, மனமுடைந்து ஒரு சொல் கூறி வீழ்ந்தார் என்பதே பலரும் அறிந்த கதை. ஷேக்ஸ்பியர் 1599-ஆம் ஆண்டளவில் எழுதிய நாடகமே இதனை உலகெங்கும் பரப்பியது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் சீசரின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் என்பாரோ, முதற் குத்தின்போது ஒரு முனகல் எழுந்ததேயன்றி வேறு சொல் எழவில்லை என்கின்றார். புரூட்டஸிடம் கிரேக்க மொழியில் ஏதோ கூறியதாகச் சிலர் சொல்வதையும் சேர்த்துள்ளார். நாடக மேடைக்கு முனகல் போதாது போலும்!

கிரேக்க அறிஞர் சாக்ரட்டீஸின் முடிவு வேறு வகையானது. இளைஞரைக் கெடுத்தார், நகரத்துத் தெய்வங்களை ஏற்க மறுத்தார் என்று குற்றஞ்சாட்டி, ஏதென்ஸ் நகர நீதிமன்றம் கி.மு. 399-ஆம் ஆண்டு அவருக்கு மரண தண்டனை விதித்தது. அப்பொழுது அவருக்கு அகவை 70. நண்பர்கள் கண்ணீர் வடிக்க, அவர் நஞ்சினை அமைதியாக அருந்தினார். காலிலிருந்து மரத்துப்போதல் மேலேறியது. அந்நிலையில் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, நண்பர் கிரீட்டோவை நோக்கி, மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளிப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருப்பதாகவும், மறவாது அதனைச் செலுத்துமாறும் கூறினார். வேறு ஏதேனும் உண்டா என்று கிரீட்டோ கேட்டார். மறுமொழி இல்லை.

நோய் தீர்ந்தவர் அத்தெய்வத்துக்குச் சேவல் படைப்பது அக்கால வழக்கம். ஆகவே, வாழ்வென்னும் நோய் தீர்ந்தது என்பதே அவர் கருத்து எனச் சிலர் உரைப்பர். வேறு சிலர், அது வெறும் கடனே என்பர். நாம் பின்னவர் பக்கமே சாய்கின்றோம். கடையில் கணக்கு வைத்து அரிசி வாங்கும் நம்மவர்க்கு, கடனோடு இறக்க அஞ்சும் மனத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை. வியப்பு என்னவெனில், இதனை நமக்கு எழுதி வைத்த மாணவர் பிளேட்டோ அங்கே இல்லை! தாம் அன்று நோயுற்றிருந்ததாகத் தம் நூலிலேயே மற்றொருவர் கூற்றாகக் குறித்துள்ளார்.

அருகிலேயே ஒருவர் இருந்தும் சொல் நிலைக்காமற் போனதும் உண்டு. விஞ்ஞானி ஐன்ஸ்டீன் செருமனி நாட்டிற் பிறந்தவர்; 1933 முதல் அமெரிக்காவில் வாழ்ந்தார். வயிற்றினுள் பெரிய இரத்தக் குழாய் வெடித்து, 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18-ஆம் நாள், நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், பிரின்ஸ்டன் மருத்துவமனையில் தம் 76-ஆம் அகவையில் காலமானார். உயிர் பிரியுமுன் சில சொற்கள் முணுமுணுத்தார். செவிலியரின் காதில் அவை விழுந்தன. ஆனால் அவை செருமன் மொழிச் சொற்கள். அம்மையாருக்கு அம்மொழி தெரியாது. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியை நகரத்து மருத்துவமனையில் விட்டுத் திரும்பியவர்கள் இந்நிலையை நன்குணர்வர்.

படுக்கையருகே அவர் முடிக்காத கணக்குத் தாள்கள் கிடந்தன. அவற்றை அறிஞர் பலர் படித்தறிந்தனர். அச்சொற்கள் யாவை என்பதை இன்றளவும் எவரும் அறியார்.