மச்சான் மூடியைத் திறந்தார்!

வீட்டில் நெயில் பாலிஷ் காணாமல் போனால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? எங்கள் வீட்டில் 2014 மே மாதம் அது காணாமல் போனபோது, எடுத்தவர் ஆறடி உயரம், அடர்ந்த மீசை, கையில் ஷேவிங் பிளேடு சகிதம் மொட்டை மாடி அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாட்சாத் என் மாமா பையன்!

"எதுக்கு மச்சான் இது?"

"கம்ப்யூட்டருக்கு மாப்ளே!"

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். கம்ப்யூட்டருக்கு நகப்பூச்சு பூசும் சாஸ்திரம் எங்கள் சிலபஸில் கிடையாது. மச்சானின் முகத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையும் சர்ஜனின் களை. சரி, விபரீதம் என்று புரிந்துவிட்டது.

மச்சானுக்குத் தொழில் கல்யாண வீடியோ. பல்லாவரத்தில் மாடியில் ஒற்றை அறை ஸ்டுடியோ. அக்காவின் (அதாவது மச்சானின் மனைவியின்) இரண்டு வளையல்களை அடகு வைத்து முந்தின வருஷம்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். உள்ளே 2013-ல் வந்த இன்டெல் ஐ7-4770கே என்ற பிராஸஸர். அது மட்டுமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

அன்றைக்கு வியாழன். கையில் ஒரு கல்யாணம் முடிக்காமல் கிடந்தது. கல்யாணப் பையனுக்கு ஞாயிறு ராத்திரி துபாய் ஃப்ளைட். அதற்குள் டி.வி.டி. கைக்கு வந்தாக வேண்டும், மீதிப் பணம் அப்போதுதான். வெளியே அக்னி நட்சத்திரம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மச்சான் சும்மா இருந்தாரா? கம்பெனி அனுமதித்த உச்ச வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதை 4.4-க்கு முடுக்கிவிட்டிருந்தார். ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர். ஆட்டோவில் கவர்னரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற மாதிரி.

விளைவு? வீடியோவைக் கோத்து முடிக்கும் வேலையில் பிராஸஸரின் சூடு 100 டிகிரி செல்ஷியஸைத் தொட்டது. அதுதான் அந்த மாடலுக்கு எல்லை. எல்லையைத் தொட்டால் அது புத்திசாலித்தனமாகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முடுக்கினதெல்லாம் வீண்.

சூடு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் (கணக்குதானே நமக்குச் சோறு போடுகிறது). வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட்ஸ். அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்ஸ். மச்சானின் பிராஸஸருக்குள் இருக்கும் சிலிக்கன் சில்லு வெறும் 177 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தளவு. அதற்குள் 140 கோடி டிரான்சிஸ்டர்கள். கம்பெனி கணக்கிலேயே 84 வாட்ஸ். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு 47 வாட்ஸுக்குக் கிட்டத்தட்ட. இஸ்திரிப் பெட்டியைவிட ஒன்பது மடங்கு! அதற்கு மேல் மச்சானின் முடுக்கு வேறு.

இந்தச் சூட்டை வெளியே கடத்தத்தான் சில்லுக்கு மேல் ஒரு உலோக மூடி. தாமிரம், மேலே நிக்கல் முலாம். நகத்தளவு இடத்துச் சூட்டை வாங்கி, பிஸ்கட் அகலத்துக்குப் பரப்பி, மேலே உட்காரும் ஹீட் ஸிங்க்குக்குக் கொடுக்கும். ஹீட் ஸிங்க் ஃபேனுக்குக் கொடுக்கும். ஃபேன் மச்சானின் முகத்தில் ஊதும்.

இதில் எங்கே தகராறு? சில்லுக்கும் மூடிக்கும் நடுவில். 2011-ல் வந்த ஸாண்டி பிரிட்ஜ் வரிசை வரைக்கும் இன்டெல் தன் பெரிய பிராஸஸர்களில் அந்த இடத்தை இண்டியம் என்ற உலோகத்தால் பற்றவைத்தது. 2012-ல் ஐவி பிரிட்ஜ் வந்தபோது பற்றவைப்பு போய், டூத் பேஸ்ட் மாதிரி ஒரு பசை உள்ளே வந்தது. சூட்டைக் கடத்துவதில் இண்டியம் எங்கே, பசை எங்கே! பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே வருஷம் ஜப்பானில் பிசி வாட்ச் பத்திரிகைக்காரர்கள் ஒரு பிராஸஸரின் மூடியையே பெயர்த்து, பசையை மாற்றிப் பார்த்தார்கள். சூடு கணிசமாக இறங்கியது. பிறகு ஆராய்ந்த ஆர்வலர்கள், பசை மட்டுமல்ல, மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸிலிகோன் கோந்தும் குற்றவாளி என்றார்கள். கோந்து மூடியைத் தூக்கிப் பிடிக்கிறது, அதனால் இடுக்கில் பசை தடிமனாகத் தங்கிவிடுகிறது. மூடியைக் கழற்றி, கோந்தைச் சுரண்டி, நல்ல சரக்கு தடவி மூடினால் பத்து டிகிரி, இருபது டிகிரிகூடக் குறையும் என்று உலகம் பூராப் பேச்சு.

பேச்சு பொய்யில்லை. நிஜமாகவே குறையும். மச்சான் ஏமாளி இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவர் பார்த்த வீடியோக்களில் எல்லாருக்கும் குறைந்திருந்தது. குறையாதவர்களும் உடைத்தவர்களும் வீடியோ போடுவார்களா? எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வாராக்கடனைக் காட்டாத பாலன்ஸ் ஷீட்!

நெயில் பாலிஷ் கதைக்கு வருகிறேன். மச்சான் தடவப் போவது சாதாரணப் பசை இல்லை, திரவ உலோகம். சின்ன சிரிஞ்சில் பாதரசம் மாதிரி தளதளவென்று இருந்தது. பாதரசம் இல்லை, காலியம் கலந்த கூட்டு உலோகம். காலியம் தனியாகவே 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உருகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் அது திடப்பொருளே இல்லை. இண்டியமும் வெள்ளீயமும் சேர்த்தால் பனிக்கட்டிக் குளிரிலும் திரவம்தான். சூட்டைப் பிரமாதமாகக் கடத்தும். கூடவே மின்சாரத்தையும் கடத்தும். அங்கேதான் வில்லங்கம். 4770கே-யில் சில்லுக்குப் பக்கத்திலேயே, மூடிக்கு அடியில், குட்டிக் குட்டி மின் உறுப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு துளி அங்கே வழிந்தால் ஷார்ட்! அதைத் தடுக்க அந்த உறுப்புகளுக்கு நெயில் பாலிஷ் கவசம்.

அது மட்டுமல்ல. இந்தத் திரவம் அலுமினியத்துக்கு எமன். அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைக் கடந்து உள்ளே ஊறி, உலோகத்தை அப்பளம் மாதிரி நொறுங்க வைத்துவிடும். விமானத்தில் காலியம் கொண்டுபோகக் கெடுபிடி இருப்பது இதனால்தான். விமானமே அலுமினியம் ஆச்சே! அடித்தட்டு அலுமினியமாக இருக்கிற மலிவு ஹீட் ஸிங்க்கில் இதைத் தடவினால் அதோகதி.

"மச்சான், இந்த வேலையைத் திங்கக்கிழமை வெச்சுக்கக் கூடாதா? கல்யாண டி.வி.டி. முடியட்டுமே?"

"பத்து நிமிஷ வேலை மாப்ளே! டார்ச்சைப் புடி."

பிடித்தேன். (இந்தக் கட்டுரையின் முதல் குற்றவாளி நான்தான்.)

'தி ஹிந்து' பேப்பரை விரித்து, அதன் மேல் பிராஸஸரை வைத்தார். பிளேடை மூடியின் ஓரத்தில் பச்சைப் பலகைக்கும் உலோகத்துக்கும் நடுவில் நுழைத்து, பலாப்பழத்தில் கத்தி இறக்குகிற மாதிரி மெல்ல அசைத்தார். பச்சைப் பலகையில் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கோடுகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. பிளேடு கொஞ்சம் கீழே சாய்ந்தால் ஒரு கோடு கட். மேலே சாய்ந்தால் மூடிக்குக் கீறல், அது பரவாயில்லை. ஆழமாகப் போனால்...

முதல் பக்கம் பிரிந்தது. இரண்டாவது பிரிந்தது. மூன்றாவதும். மச்சானின் மூக்கு நுனியில் வியர்வை. நான்காவது பக்கம் கோந்து முரண்டு பிடித்தது. கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார்.

'ணிக்'.

பிளேடு ஒரே வழுக்கில் உள்ளே போய்விட்டது. மூடியைத் தூக்கினோம். சில்லு முழுசாக, கண்ணாடி போலப் பளபளத்தது. "பார்த்தியா!" என்றார் மச்சான். நான் பார்த்தது பேப்பரை. அங்கே எள்ளு மாதிரி ஒன்று கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரிசை கட்டி நின்ற உறுப்புகளில் இரண்டு.

எள்ளு இறைத்தாயிற்று, தண்ணீர் தெளிக்க வேண்டியதுதான் பாக்கி.

மச்சான் நம்பவில்லை. மனிதர் நெயில் பாலிஷையும் போட்டு, திரவத்தையும் தடவி, எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. திரை கறுப்பு. அரைமணி நேரம் ஸ்விட்சைத் தட்டிக்கொண்டே இருந்தார். கீழே இருந்து அக்கா, "சாப்பிட வரீங்களா, இல்லையா?" என்று குரல் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 3.9-ல் ஒரு மணி நேரம் ஆகும் வேலை 4.4-ல் எவ்வளவு நேரம் ஆகும்? மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் 53 நிமிடம். லாபம் ஏழு நிமிடம்! அந்த ஏழு நிமிடத்துக்குப் பந்தயம் வைத்தது: இருபதாயிரம் ரூபாய்ச் சாமான், மூன்று வருட வாரண்டியில் மிச்சமிருந்த இரண்டு வருடம் (மூடியைத் தொட்டதுமே அது அம்பேல்), ஒரு கல்யாணம், இரண்டு வளையல். வேகத்தைப் பழைய 3.9-க்கு இறக்கி, ஹீட் ஸிங்க்கில் அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி, ரெண்டாயிரம் ரூபாயில் நல்ல கூலர் ஒன்று போட்டிருந்தால் 100 டிகிரியே வந்திருக்காது. மச்சானிடம் காட்டவில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கல்யாணம் என்ன ஆச்சு என்கிறீர்களா? குரோம்பேட்டையில் மச்சானின் சிநேகிதர் ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். நத்தை வேகம். வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் மச்சான் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஞாயிறு மாலை டி.வி.டி. ரெடி. மீனம்பாக்கத்தில் ட்ராலி தள்ளிக்கொண்டிருந்த கல்யாணப் பையனிடம் மூச்சிரைக்கக் கொடுத்தது அடியேன். "இவ்ளோ லேட்டா?" என்றார். மீதிப் பணத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு கடையில் வயதான மெக்கானிக், மச்சான் நீட்டிய பிராஸஸரைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூடியை ஏன் தம்பி திறந்தீங்க?"

மச்சான் கப்சிப்.

"ரெண்டாயிரத்துல வந்ததெல்லாம் மூடி இல்லாமத்தான் வரும். பென்டியம் த்ரீ, ஏ.எம்.டி. ஆத்லான், டியூரான்... எல்லாம் மொட்டை. ஹீட் ஸிங்க் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால அமுக்கி மாட்டணும். ஒரு பக்கம் சாய்ஞ்சா மூலை பொரிஞ்சிடும். நானே எத்தனை உடைச்சிருக்கேன்! அதுக்குத்தான் மூடி போட்டான். நீங்க அதைப் போய்..."

ஆத்லான்காரர்கள் நான்கு மூலையிலும் மெத்து மெத்தென்று வட்டத் திண்டு ஒட்டி அனுப்பியும் மூலைகள் உடைந்தனவாம். 2000 கடைசியில் பென்டியம் ஃபோர் மூடியோடு வந்தது, 2003-ல் ஏ.எம்.டி.யின் ஆத்லான் 64-ம் மூடியோடு. சூட்டைப் பரப்புவது மூடியின் ஒரு வேலைதான். ஹீட் ஸிங்க்கின் கனத்தை சில்லின் மேல் விழாமல் தாங்குவது இன்னொரு வேலை. சிலிக்கன், கண்ணாடி ஜாதி: வளையாது, உடையும்.

புதுப் பிராஸஸரைத் தவணையில் வாங்கினார் மச்சான். அக்காவின் வளையல் திரும்பி வர ஒரு வருஷம் கூடுதலாக ஆயிற்று.

அதற்குப் பிறகு இந்த வித்தைக்குக் கருவிகளே வந்துவிட்டன. டெர்பவர் என்ற பட்டப்பெயரில் பிரபலமான ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் 2016-ல் ஒன்றைக் கொண்டு வந்தார். பிளேடு வேண்டாம், திருகைச் சுற்றினால் மூடி பக்கவாட்டில் நகர்ந்து கழன்றுவிடும். 2018-ல் இன்டெல் தன் ஐ9-9900கே-யில் பற்றவைப்புக்கே திரும்பியது. அங்கே ஆபத்து வேறு தினுசு. இண்டியம் உருக சுமார் 157 டிகிரி வேண்டும். சூடு காட்டாமல் மூடியை இழுத்தால் ஒட்டியிருக்கும் சில்லும் சேர்ந்து பிய்ந்து வரும். 2022-ல் வந்த ஏ.எம்.டி. ரைஸன் 7000 வரிசையிலும் பற்றவைப்புதான். எட்டுக் கால் மாதிரி வெட்டிய மூடி, கால்களுக்கு நடுவே வெளியில் தெரிகிற கெபாசிட்டர்கள். பிளேடு பிடிக்கிறவர்களுக்கு ரொம்ப வசதி... எள்ளு இறைக்க! அதையும் கழற்றி இருபது டிகிரி வரை குறைத்துக் காட்டினார் ஹார்ட்டுங். அவருக்கு அதுதான் தொழில்.

திரவ உலோகம் மட்டும் கெட்ட சாதி இல்லை. 2020-ல் வந்த ப்ளே ஸ்டேஷன் 5-ல் சோனியே அதைத்தான் பூசியது. ஆனால் வழிந்து ஓடாதபடி சுற்றிலும் வேலி கட்டி, தொழிற்சாலையில், மெஷின் வைத்து. தங்கச்சியின் நெயில் பாலிஷை நம்பி இல்லை!

போன கோடையில் மச்சானிடமிருந்து போன். இப்போது அவரிடம் ரைஸன் 7000.

"மாப்ளே, 95 டிகிரி காட்டுதுடா!"

"அது அப்படித்தான் மச்சான். முழு வேலை கொடுத்தா 95 வரைக்கும் போறதுக்குன்னே செஞ்சிருக்காங்க. கம்பெனியே சொல்லியிருக்கான்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இப்ப ஹீட்டர்ல வெச்சு மூடியைக் கழட்டறாங்களாமே? பிளேடே வேணாமாமே..."

"மச்சான், போனை அக்காகிட்ட கொடுங்க."

வைத்துவிட்டார்.