நடுக்கடலில் வானிலைச் செய்தி

சின்னசேலத்து உழவர் வடமேற்கே நோக்குவர். கல்வராயன் மலைமேல் கார்முகில் கவிந்திருப்பின், களத்தில் காயும் மக்காச்சோளத்தைக் குவித்து மூடிவிடுவர். அடையாளம் காட்ட அவர்க்கு மலையுண்டு. மழை வரின் ஒதுங்க வீடுண்டு. நடுக்கடலில் பாய்மரப் படகு செலுத்துவோர்க்கு இவ்விரண்டும் இல்லை. நாற்புறமும் நீரே. அவர் வானிலையை அறிவது எங்ஙனம்?

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே திங்களில் மீண்டனர். தாரிணியின் நீளம் 17 மீட்டரே. இத்தகைய படகு பொதுவாக மணிக்கு ஆறேழு கடல்மைல் செல்லும். புயல் அதனினும் விரைந்து வருதல் கூடும். கண்ணாற் கண்டபின் ஓடித் தப்புதல் அரிது. இரண்டு மூன்று நாள் முன்னரே செய்தி கிடைத்தால் வழியை மாற்றிக்கொள்ளலாம், பாயைச் சுருக்கலாம்.

இக்காலத்தில் அச்செய்தி செயற்கைக்கோள் வழியாக வருகிறது. கடற்பரப்பைக் கட்டங் கட்டமாகப் பிரித்து, எந்நேரத்தில் எத்திசைக் காற்று எவ்வளவு வேகமாக வீசும் எனக் கணிப்பொறி கணக்கிட்ட எண்களே அதில் இருக்கும். எண்ணாக எழுதிவிட்டதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது அன்றோ! அவ்வெண் குறிப்பது சராசரி வேகமே. இடையிடையே எழும் வன்காற்று அதனினும் ஐந்தில் இரண்டு பங்கு மிகுதலும் உண்டு. தேர்ந்த மாலுமியர் இரு வேறு நிலையங்களின் கணிப்புகளை ஒப்பிடுவர். அவை ஒத்திருப்பின் நம்புவர்; முரண்படின் தீயதற்கே ஆயத்தமாவர்.

படகிலுள்ள பாரமானியையும் அவர் கைவிடார். வெப்பமண்டலக் கடல்களில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை சிறிதளவு ஏறி இறங்கும். இவ்வேற்றவிறக்கத்தைக் கழித்த பின்னும், அப்பருவத்திற்குரிய அளவினின்று 3 மில்லிபார் குறைந்திருந்தால் ஐயுற வேண்டும். 5 மில்லிபார் குறைந்தால் புயல் அணித்தே உள்ளதெனக் கொள்ளலாம். அஃது எப்புறம் உள்ளது? காற்றை எதிர்நோக்கி நின்றால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயலின் மையம் வலக்கைப் புறமாகச் சற்றுப் பின்னே இருக்கும். தெற்கே இடக்கைப் புறம் இருக்கும். மின்விசையும் பொருட்செலவும் வேண்டாத இவ்விதியை யான் பெரிதும் மதிக்கிறேன்.

செய்தி படகுக்கு எட்டாவிடின் விளைவது யாது? துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றுதல் பழைய வழக்கம். அது கரையருகே உள்ளார்க்கே தெரியும். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ‘ஒக்கி’ப் புயலாகிக் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர் முதலிய ஊர்களின் மீனவர் பலர் அதற்குப் பல நாள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தனர். கரையில் எச்சரிக்கை ஒலித்தது. அவர்தம் படகுகளின் வானொலிக் கருவிகளோ சில பத்துக் கடல்மைலுக்கு அப்பால் பயன்படாதவை. நூற்றுக்கு மேற்பட்டோர் மீளவே இல்லை.

இதன்பின் 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிலையம் தரும் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே பெற்று, மீனவரின் கைப்பேசிக்கு அஃது அளிக்கும். கரைக்கு எத்துணைத் தொலைவிலும் செய்தி கேட்கலாம். ஆயினும் மறுமொழி கூற அக்கருவியால் இயலாது. “இங்கே காற்றுத் திரும்பிவிட்டது, எம் படகு பழுதுற்றது” என்று கடலிலிருந்து சொல்ல உதவுவன வேறு இருவழிக் கருவிகளே.