விஎக்ஸ்லேன்

விஎக்ஸ்லேன் என்பது தரவு மையங்களில் பயன்படும் ஒரு மேலடுக்கு வலையமைப்பு நெறிமுறை ஆகும். ஏற்கனவே உள்ள ஐபி வலையமைப்பின் மேல், ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்ட பல மெய்நிகர் வலையமைப்புகளை அமைக்க இது உதவுகின்றது. கீழே இயங்கும் ஐபி வலையமைப்பு கீழடுக்கு எனப்படும். இந்நெறிமுறை 2014 ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 7348 என்ற ஆவணத்தில் வெளியிடப்பட்டது.

தேவை

ஒரே தரவு மையத்தைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும்போது, ஒவ்வொருவரின் தரவுப் போக்குவரத்தும் தனித்திருத்தல் வேண்டும். இதற்கு முன்னர் விலேன் பயன்படுத்தப்பட்டது. விலேன் அடையாள எண் 12 பிட்டுகள் மட்டுமே கொண்டது; எனவே 4094 வலையமைப்புகளையே பிரித்தறிய முடியும். மேலும், மெய்நிகர் இயந்திரங்கள் ஒவ்வொன்றின் மேக் முகவரியையும் சுவிட்சுகள் தம் அட்டவணையில் வைத்திருக்க வேண்டும். அட்டவணை நிரம்பினால், அறியாத முகவரிக்கு வரும் சட்டகங்களைச் சுவிட்ச் அந்த விலேனின் எல்லா இணைப்புகளுக்கும் அனுப்பும். இதனால் நெரிசல் ஏற்படும்.

இயங்கும் முறை

அனுப்பும் பக்கத்தில் உள்ள சுரங்க முனை, ஈதர்நெட் சட்டகத்தை ஒரு யூடிபி பொதிக்குள் இடுகின்றது. இது முகவரி எழுதிய கடித உறையை இன்னொரு உறைக்குள் இடுவதைப் போன்றது. வெளியுறையில் பெறும் சுரங்க முனையின் ஐபி முகவரி இருக்கும். நடுவிலுள்ள கருவிகள் அதை மட்டும் பார்த்தால் போதும். உள்ளிருக்கும் இயந்திரங்களின் முகவரிகளை அறியத் தேவையில்லை. இயந்திரங்கள் பெருகினாலும் நடுவண் சுவிட்சுகளின் சுமை அவ்வாறு பெருகாமைக்கு இதுவே காரணம். அடையாள எண் 24 பிட்டுகள் கொண்டதால், சுமார் 1.67 கோடி வலையமைப்புகளைப் பிரித்தறியலாம்.

முகவரி அறிதல்

எந்த இயந்திரம் எந்தச் சுரங்க முனைக்குப் பின்னால் உள்ளது என்பதை யாரேனும் அறிந்திருக்க வேண்டும். அதாவது, சுமை மறையவில்லை. நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்துள்ளது. ஆர்எஃப்சி 7348 விளக்கும் முறையில், அறியாத முகவரிக்கான சட்டகம் குழுப் பரப்பல் மூலம் தொடர்புடைய எல்லா முனைகளுக்கும் அனுப்பப்படும். பெரிய வலையமைப்புகளில் இது வீண் போக்குவரத்தைக் கூட்டும். ஈவிபிஎன் முறையில் சுரங்க முனைகள் பிஜிபி நெறிமுறை வழியாக முகவரிகளை முன்கூட்டியே அறிவிக்கின்றன. இதனை 2018 இல் வெளியான ஆர்எஃப்சி 8365 விவரிக்கின்றது.

வரம்புகள்

ஐபி பதிப்பு 4 இல், வெளியுறை ஒவ்வொரு பொதிக்கும் 50 பைட்டுகளைக் கூட்டுகின்றது. உள்ளே 1500 பைட்டுகள் செல்ல வேண்டுமெனில், கீழடுக்கு குறைந்தது 1550 பைட்டுப் பொதிகளை ஏற்க வேண்டும். இல்லையெனில் சிறு பொதிகள் சென்றடையும், பெரிய பொதிகள் தொலையும். பிழையைக் கண்டறிதல் கடினம். விஎக்ஸ்லேன் போக்குவரத்தைப் பிரிக்கின்றதே தவிர மறையாக்கம் செய்வதில்லை. ஆகவே, கீழடுக்கு நம்பத்தகாததாயின் ஐபிசெக் போன்ற தனிப் பாதுகாப்பு தேவை.