புகையும் செவியும்: கருவுற்ற தாயரின் காற்றுச் சூழல் பற்றிய ஒரு நோக்கு

கேள்வியின் சிறப்பினைக் கூறுதற்கெனத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோராகிய நாம் கேள்வியறிவின் பயனைப் பற்றி நிறையவே பேசியுள்ளோம். அதன் பௌதிக அடிப்படையைப் பற்றிப் பேசியது குறைவு. செவி கருப்பையில் உருவாகிறது. கருப்பையோ, தாய் உழைத்தும் உண்டும் சுவாசித்தும் வாழும் சூழலுக்குப் புறம்பானதன்று. எனவே, பிறந்த குழந்தையின் கேட்டற்றிறன் பற்றிய வினா, அதன் தாய் எத்தகைய காற்றைச் சுவாசிக்க நேர்ந்தது என்னும் சமூக வினாவும் ஆகும்.

கருவின் உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்டமைந்த உறுப்பு, ஏறத்தாழ 25ஆம் வாரமளவில் ஒலிக்குத் துலங்கத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்களுக்குட்பட்ட குழந்தைகள் பிற பெண்களின் குரலிலும் தம் தாயின் குரலையே விரும்புவதை 1980இல் டிகாஸ்பர், பைபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டினர். மொழியுடனான மனித உறவு பிறப்பிற்கு முன்னரே தொடங்குகிறது என்பதற்கு இஃதொரு சான்று. ஒலியதிர்வை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றுவன மயிர்க்கலங்கள். ஒரு செவியில் இவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. அழிந்துபடின் மனிதரில் இவை மீளத் தோன்றுவதில்லை.

தாய் சுவாசிக்கும் புகை கருவை எவ்வாறு சென்றடைகிறது? விறகு, டீசல் முதலியன எரியும்போது 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்துணிக்கைகள் வெளிப்படுகின்றன. இவற்றுள் மிகச் சிறியன நுரையீரலைக் கடந்து குருதியிற் கலக்கவல்லன. சூல்வித்தகம் கருவைக் காக்கும் அரண் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயின், பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அதன் கருப்பக்கத்திலேயே கரிய காபன் துணிக்கைகள் காணப்பட்டமையை எடுத்துக்காட்டியது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டின் செயல் வேறு வகைப்பட்டது. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட வலுவுடன் அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தாயின் குருதியினும் கருவின் குருதியிலிருந்து மெதுவாகவே நீங்குகிறது. உட்செவியோ இடையறாத ஒட்சிசன் வழங்கலை வேண்டி நிற்கும் உறுப்பாகும்.

இவ்விடத்து நிறுவப்பெற்றதையும் நிறுவப்பெறாததையும் பிரித்தறிதல் அவசியம். நுண்துணிக்கை மிகுந்த சூழலில் வாழும் தாயரிடையே குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு நிறையும் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுந்த குறைமாதத்திற் பிறத்தலும் 1,500 கிராமிலும் குறைந்த நிறையும் கேட்டற் குறைபாட்டிற்குரிய இடர்க்காரணிகள் என்பது மருத்துவ உலகு ஏற்ற உண்மை. கருவுற்ற காலத்துப் புகைத்தலுக்கும் வளரிளம் பருவத்தினரின் கேட்டற் குறைபாட்டிற்கும் இடையே தொடர்பிருப்பதை 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சுட்டியது. ஆனால், வெளிக்காற்றின் மாசு பிறந்த குழந்தையின் செவியை நேரடியாகத் தாக்குகிறது என்பது இன்னும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பெறவில்லை. ஆய்வின் இந்நிதானத்தை நாம் மதிக்கவேண்டும். அதனைச் செயலின்மைக்குரிய சாட்டாக்குதலை ஏற்கவியலாது.

எமது நாட்டில் இவ்வினா அடுப்பங்கரையிலேயே தொடங்குகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களிற் பெரும்பாலானவை விறகிலேயே சமைத்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சமையல் எரிவாயு கிடையாதபோது, நகரக் குடும்பங்கள் பலவும் விறகிற்கு மீண்டன. நுண்துணிக்கையின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராமை விஞ்சலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. காற்றோட்டம் குன்றிய சமையலறைகளிலோ ஏற்கத்தக்க அளவின் நூறு மடங்கு வரை அது உயரக்கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே. புகைபோக்கியற்ற லயன் அறையில், கொழுந்து பறித்து மீண்ட கருவுற்ற பெண் அடுப்பு மூட்டுகிறாள். பகலில் கூலியுழைப்பு, மாலையில் கூலியற்ற வீட்டுழைப்பு; புகை இரண்டாவதன் விலையாக அவளையும் கருவையும் சேர்கிறது.

இந்நிலையில், "கருவுற்றோர் புகையைத் தவிர்த்தல் வேண்டும்" என்னும் அறிவுரை மட்டும் வழங்குவது, அவள் தெரிவு செய்யாத ஒன்றிற்கு அவளையே பொறுப்பாளியாக்குவதாகும். 1845இல் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தபோது, மாசுற்ற நகரக் காற்றையும் நெருக்கடியான வதிவிடங்களையும் அவர்தம் நோய்க்குக் காரணமாகக் காட்டி, அதற்கான பொறுப்பைச் சமுதாய அமைப்பின் மீதே சுமத்தினார். அந்நோக்கு இங்கும் பொருந்தும். குழந்தை பிறந்தபின் அதன் செவியிற் குறை காணப்படின், "தாய் கவனமாயிருக்கவில்லை" என்னும் பழிச்சொல்லே முதலில் எழுகிறது. அவளது அடுப்பையோ கூரையையோ கூலியையோ எவரும் வினவுவதில்லை.

செய்யத்தக்கன தெளிவானவை. புகைபோக்கியும் காற்றோட்டமும் உள்ள சமையலறை வதிவிட உரிமையின் பகுதியாதல் வேண்டும். தூய எரிபொருள் உழைப்போரின் கைக்கெட்டும் விலையிற் கிடைத்தல் வேண்டும். ஆயிரம் குழந்தைகளுள் ஒருவர் முதல் மூவர் வரை குறிப்பிடத்தக்க கேட்டற் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். முதல் மாதத்துள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துள் நோய் நிர்ணயம், ஆறாம் மாதத்துள் சிகிச்சையும் பயிற்சியும் என்பதே ஏற்கப்பட்ட நியமம். இது தலைநகரத்துக் குழந்தைக்கு மட்டுமன்றித் தோட்டத்துக் குழந்தைக்கும் கிட்டுதல் வேண்டும். தாலாட்டைப் பற்றி ஆராயும் நாம், அதனைக் கேட்கும் செவி எல்லாக் குழந்தைகட்கும் வாய்க்கும் நிலைமைகட்காகவும் குரலெழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.