கமலாவுக்கு முன்னால் கனகா

வெம்பிளியில் ஈலிங் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஊரில் ஐ.டி.யில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்தபின் குழந்தை, பள்ளிக்கூடம் என்று நாலைந்து வருடம் வீட்டோடு இருந்துவிட்டவர்கள் உண்டு. மறுபடி வேலை தேடலாம் என்று நினைத்ததுமே ஒரு பயம் வரும்: எல்லாம் மறந்துபோயிருக்குமே! கூடவே கோர்ஸ் ஃபீஸ் பற்றிய பயமும்.

ஃபீஸுக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் முழுக்க இலவசம். காசுக்கு விற்கும் ஆரக்கிள்கூட ஓர் இலவசப் பதிப்பு வைத்திருக்கிறது: 12 ஜிபி டேட்டா, 2 ஜிபி மெமரி, அதற்குமேல் போகாது. வீட்டில் பழக இது தாராளம்.

மறதியும் நினைக்கிற அளவுக்கு இருக்காது. செலக்ட், ஃபிரம், வேர் எல்லாம் 1974இல் ஐபிஎம்மில் பிறந்த எஸ்க்யூஎல் மொழியின் சொற்கள். இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. (அதற்கு முதலில் வைத்த பெயர் சீக்வெல். ஒரு பிரிட்டிஷ் விமானக் கம்பெனி அந்தப் பெயரை ஏற்கெனவே பதிவு செய்திருந்ததால் எஸ்க்யூஎல் ஆனது.) புதிதாக வந்தவற்றைத்தான் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை விண்டோ ஃபங்ஷனே கிடையாது.

எதை வைத்துப் பழகுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆரக்கிளின் பழைய 'எம்ப்' என்ற பயிற்சி டேபிளில் மொத்தமே 14 வரிகள். அதில் ஸ்காட் என்ற ஊழியரின் சம்பளம் 3000 என்று வந்தாலும் 5000 என்று வந்தாலும் நமக்கு உறைக்காது. விடை தப்பு என்று உறைக்க வேண்டுமானால், நமக்குப் பழக்கமான டேட்டா வேண்டும்.

வெம்பிளிக்காரர்களுக்கு அது சும்மாவே கிடைக்கிறது. பிரிட்டனின் லேண்ட் ரெஜிஸ்ட்ரி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 ஜனவரி முதல் பதிவான வீட்டு விற்பனைகளை சிஎஸ்வி கோப்பாக வெளியிடுகிறது. இரண்டரைக் கோடி வரிகளுக்கு மேல். ஒரே ஒரு வருடத்தை மட்டும் எடுத்தும் ஆரம்பிக்கலாம். கோப்பில் தலைப்பு வரி இருக்காது. 16 நெடுவரிசைக்கும் பெயர் வைத்து டேபிள் கட்டுவதிலேயே பாதி பாடம் திரும்பிவிடும்.

வெம்பிளியின் சராசரி விலையை வருடவாரியாகக் கேட்டால், ஏதாவது ஒரு வருடம் எகிறி நிற்கலாம். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று அறிந்தவருக்கு அது உடனே இடிக்கும். தோண்டிப் பார்த்தால் 'பி' வகைப் பதிவுகள் கலந்திருக்கும்: கம்பெனிகள் வாங்கியவை, கடன் கட்டாததால் வங்கி எடுத்து விற்றவை. 'ஏ' வகையை மட்டும் வடிகட்டி, சராசரியை விட்டு நடுமதிப்பை எடுத்தால் கணக்கு தரைக்கு வரும். சொந்தத் தெருவின் போஸ்ட்கோடைத் தேடும்போது கோடிக்கணக்கான வரிகளையும் டேட்டாபேஸ் ஒவ்வொன்றாகப் புரட்டும். ஓர் இண்டெக்ஸ் போட்டதும் கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும். 14 வரி டேபிளில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

தமிழையே ஏற்றிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். தமிழ்ப் பள்ளி வருகைப் பதிவேடு போல ஒரு பட்டியல். நிஜப் பிள்ளைகளின் விவரம் வேண்டாம், கற்பனைப் பெயர்கள் போதும். அகரவரிசையில் 'ம' முந்தி, 'ன' கடைசி. ஆகவே கமலாவுக்குப் பிறகுதான் கனகா. யூனிகோடிலோ 'ந'வை ஒட்டியே 'ன' உட்கார்ந்திருக்கிறது. குறியீட்டு எண்படி அடுக்கச் சொன்னால் கனகா முந்திக்கொள்வாள். போஸ்ட்கிரெஸ்ஸில் வரிசைப்படுத்தும் இடத்தில் தமிழுக்கான ஐசியு கொலேஷனைச் சேர்த்தால் கமலாவுக்குத் தன் இடம் திரும்பக் கிடைக்கும்.

ஆரக்கிளில் வேறு வம்பு. பெயருக்கு வார்சார்2(20) என்று இடம் ஒதுக்கினால், வழக்கமான அமைப்பில் அந்த 20 எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. 'மீனாட்சி' நமக்கு நாலெழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள், குறிக்கு மூன்று பைட் வீதம் 24. ராதா 12 பைட்டோடு உள்ளே போய்விடுவாள். மீனாட்சியை ஓஆர்ஏ-12899 என்ற பிழைச்செய்தி வாசலிலேயே மறிக்கும், 20க்குப் பக்கத்தில் 'சார்' என்று ஒரு சொல் சேர்க்கும்வரை.