அமெரிக்க எம்.பி.க்கு இமெயில் அனுப்பினால்...

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் செய்யும் முதல் வேலை, ஒரு இமெயில் முகவரி உருவாக்கி நண்பருக்கு 'ஹலோ' அனுப்புவதுதான். அதையே ஒரு மக்கள் பிரதிநிதிக்கு அனுப்பினால் மறுமுனையில் யார் படிப்பார்கள்? அமெரிக்க எம்.பி. அலுவலகங்களுக்கான சாப்ட்வேர் ஒன்றில் இரண்டு வருடம் புரோகிராம் எழுதியவன் நான். சொல்கிறேன்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள், செனட்டில் 100 பேர். ஒரு காலத்தில் எல்லாமே தபால்தான். 2001-ல் செனட்டர்கள் டாம் டாஷல், பேட்ரிக் லேஹி ஆகியோருக்கு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்த கடிதங்கள் அனுப்பப்பட்டன. அதன்பின் தபால்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். கடிதம் போய்ச் சேரத் தாமதமானது. இமெயிலுக்கு மவுசு கூடியது.

ஹவுஸ் டாட் கவ் என்ற வெப்சைட்டில் ஐந்து இலக்க ஜிப் கோடை டைப் செய்தால், அந்தப் பகுதியின் உறுப்பினர் யார் என்று காட்டும். ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் வந்தால் தெரு முகவரியையும் கேட்கும். பிறகு உறுப்பினரின் வெப்சைட்டில் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். நேரடி இமெயில் முகவரியே கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுத்தால் ஊர் உலகமெல்லாம் எழுதும். தன் தொகுதிக்காரர் யார் என்று பிரிக்க முடியாது.

வந்து குவியும் மெயில்களில் பெரும்பகுதி, ஏதாவது ஒரு அமைப்பு தயாரித்துக் கொடுத்த ஒரே வாசகம். சாப்ட்வேர் இவற்றை ஒரு கட்டாகச் சேர்த்துவிடும். அலுவலக உதவியாளர் ஒரு பதிலை எழுதினால் போதும், அத்தனை பேருக்கும் அவரவர் பெயருடன் போய்விடும்.

நான் சறுக்கியதும் இங்கேதான். பெரும்பகுதி ஒத்துப்போனால் அதே கட்டில் சேர் என்று எழுதியிருந்தேன். டெஸ்டிங்கில் எல்லாம் சரியாகவே ஓடியது. ஒரு பெரியவர், அந்தத் தயார் வாசகத்துக்குக் கீழே நான்கு வரி சேர்த்திருந்தார்: மூன்று மாதமாக ஓய்வூதியம் வரவில்லை, வாடகை பாக்கி. அவருக்குப் போன பதில், "மசோதா குறித்த உங்கள் கருத்துக்கு நன்றி"! அவர் கோபமாகப் போன் செய்த பிறகுதான் விஷயம் எங்களுக்கு வந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திருத்தம் சின்னதுதான். பொது வாசகத்தைக் கழித்த பிறகு எஞ்சும் வரிகளைத் தனியாக மஞ்சள் நிறத்தில் காட்ட வேண்டும். ஒரு ஆள் படித்து 'ஓகே' கொடுக்காமல் பதில் போகக்கூடாது. வேகம் குறைகிறது என்று எங்கள் மேனேஜர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

இன்னொரு விஷயம். ஒருவருடைய சொந்த விவரத்தை அரசுத் துறையிடம் எம்.பி. அலுவலகம் கேட்டு வாங்க, 1974-ம் வருட பிரைவசி சட்டப்படி அவருடைய சம்மதக் கையெழுத்து தேவை. இந்தச் சம்மதத்தை ஆன்லைனிலேயே பெற வழிசெய்யும் கேசஸ் சட்டம் 2019-ல்தான் வந்தது. எனவே அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ அங்கே எழுதுவதாக இருந்தால், கருத்துப் படிவத்தில் எழுத வேண்டாம். 'அரசுத் துறையிடம் உதவி' என்ற பகுதியை க்ளிக் செய்து, சொந்தப் பிரச்னையை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.