கோழி ஓவனுக்குள் காத்திருக்கலாமா?

"சார், காலையில கோழியை ஓவன்ல வச்சிட்டுப் பள்ளிக்கு வந்தா, மதியம் வீட்டுக்குப் போறப்போ தானா வெந்திருக்குமா?" படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்.

வெந்திருக்கும். பல மின் ஓவன்களில் அந்த வசதி உண்டு. வேக வேண்டிய நேரம் 1 மணி நேரம், முடிய வேண்டிய நேரம் பிற்பகல் 2 மணி என்று பதிவு செய்தால், உள்ளே இருக்கும் கணினிச் சில்லு கழித்துப் பார்த்து, 1 மணிக்குச் சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும். 180 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் நிறுத்தும். வெப்பம் குறைந்தால் மறுபடி கொடுக்கும்.

சிக்கல் அந்த 1 மணிக்கு முன்னால்தான். காலை 6 மணியிலிருந்து 7 மணி நேரம், கோழி நம் ஊர் வெப்பத்தில் கிடக்கிறது. 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சூழல் முழுவதும் சாதகமாக இருந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில், ஒரே ஒரு பாக்டீரியா 5 மணி நேரத்தில் 32,768 ஆகிவிடும். நம்பிக்கை இல்லையா? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள்.

"அதான் சூட்டில் செத்துவிடுமே" என்பீர்கள். பாக்டீரியா சாகும். ஆனால், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வகை உணவில் விட்டுச்செல்லும் நச்சு, கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. வாந்தி வரவழைப்பது அந்த நச்சுதான்.

இன்னொன்று: நடுவில் மின்சாரம் தடைபட்டால் பல ஓவன்களில் கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து மினுக்கும், பதிவு செய்ததும் அழிந்துவிடும். வீடு திரும்பினால் பச்சைக் கோழிதான் இருக்கும்!

அவளிடம் நான் சொன்னது இதுதான்: "வீட்டில் பெரியவங்க இருக்கும்போது, தோலோட முழு உருளைக்கிழங்கை வச்சு இந்த வசதியைச் சோதிச்சுப் பாரும்மா. கோழி ஐஸ்பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் ஓவன்ல வை, தானா அணையும் நேரத்தை மட்டும் பதிவு செய்."